பைண்டுக்காரர் கிழித்துப் போட்ட அட்டை

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பழைய பத்திரிகை இருக்கிறதா என்று ஒரு வீட்டில் கேட்டால், பரண்மேலிருந்து முதலில் இறங்கி வருவது பைண்டு புத்தகம்தான். துணி ஒட்டிய முதுகு, மார்பிள் தாள் ஒட்டிய அட்டை, உள்ளே வாரா வாரம் உருவி எடுத்துச் சேர்த்த தொடர்கதை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' இப்படித்தான் பல குடும்பங்களில் தலைமுறை தாண்டியது. மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும் பழுப்பேறிய தாளில் இன்னும் அப்படியே இருப்பார்கள். கொடுப்பவர் முகத்தில் பெருமை இருக்கும். அந்தப் பெருமையைக் கெடுக்காமல் புத்தகத்தை வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டு, நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இதழ்களின் அட்டை உள்ளே இருக்கிறதா?

இருக்காது. பைண்டு போட்டவர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்.

அவர்மேல் தப்பில்லை. வழவழப்பான அட்டைத் தாளில் மைதாப் பசை சரியாகப் பிடிக்காது. இருபது முப்பது அட்டை நடுவில் சேர்ந்தால் கட்டு தடித்துத் தையல் கோணும். கூலி கொடுத்தவர் கேட்டது கதை; அட்டையும் விளம்பரமும் அவருக்கு எதற்கு? வாடகை நூல்நிலையக்காரர்கள் மாத நாவல்களை மூன்று நான்காகச் சேர்த்துத் தைத்தபோதும் இதே கதைதான். மேல் அட்டை ஒன்று மிஞ்சினால் உண்டு, மற்றவை போய்விடும். மிஞ்சிய அட்டையிலும் ஓரம் சீராக வரட்டும் என்று கத்தி வைத்து வெட்டும்போது கீழ் மூலையில் ஓவியர் போட்ட கையெழுத்து பாதி போயிருக்கும்.

கதைக்கு ஆபத்து இல்லை. பெயர் பெற்ற கதை எப்படியும் மறுபதிப்பு வந்துவிடும், பழைய அட்டையை மட்டும் யாரும் மறுபடி அச்சடிப்பதில்லை. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க நான் கதையை ஒதுக்கி வைத்துவிட்டு அட்டையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். க்ரைம் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமாரின் ஒரு நாவல் எந்த அட்டையோடு முதலில் வந்தது என்பது சேகரிப்பவருக்கு முக்கியம். கொலையாளி யார் என்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் காலத்து இதழ், எந்த வகை

தமிழில் துப்பறியும் கதை நூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் முதல் பதிப்புகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அங்கே போக வேண்டாம் என்பேன். விலை கட்டாது, தாள் தொட்டால் பொடியும், அட்டையில் படம் என்று சொல்லிக்கொள்ளப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

நமக்கு உரிய காலம் 1969இல் தொடங்குகிறது. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி முத்து அந்த ஆண்டு வந்தது. முதல் இதழில் அகிலனின் 'பொன்மலர்'. ஒரு முழு நாவலை, பஸ் ஏறுமுன் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து வாங்கிவிடலாம் என்பது அன்று புதுசு. பின்னால் குமுதம் வீட்டிலிருந்து மாலைமதி, சாவியின் மோனா என்று வரிசை நீண்டது. 1980களில் அணை உடைந்தது. ஜி.அசோகன் நடத்திய பாக்கெட் நாவல், க்ரைம் நாவல். பட்டுக்கோட்டை பிரபாகரின் உல்லாச ஊஞ்சல். சுபாவின் சூப்பர் நாவல். அந்த நாவல்களின் துப்பறியும் ஜோடிகளான விவேக்கும் ரூபலாவும், பரத்தும் சுசீலாவும், நரேந்திரனும் வைஜயந்தியும் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியவர்கள்தான். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம் என்று எந்த பஸ் நிலையத்தில் இறங்கினாலும் அந்தக் கயிறு இருக்கும். கயிற்றில் தொங்கும் புத்தகத்துக்கு முதுகு தெரியாது, உள்ளடக்கம் தெரியாது. பத்தடி தூரத்தில், பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிக் கீழே இறக்க வேண்டியது அட்டையின் வேலை. அந்த ஓவியங்களின் கண்கள் ஏன் அவ்வளவு பெரியவை, சிவப்பு ஏன் அவ்வளவு சிவப்பு என்பதற்குக் காரணம் இந்தப் பத்தடிதான்.

அமெரிக்காவிலும் இதே கணக்கு. 1896இல் ஆர்கசி பத்திரிகை மட்டமான மரக்கூழ்த் தாளுக்கு மாறியதிலிருந்து 'பல்ப்' என்ற பேர் அந்த வகைக்கு ஒட்டியது. 1923இல் தொடங்கிய வியர்டு டேல்ஸுக்கு மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண் பாஸ்டல் வண்ணக்கட்டியில் வரைந்து தந்த அட்டைகளை இன்று ஏலத்தில் எடுக்கிறார்கள். அன்று அச்சு முடிந்ததும் மூல ஓவியங்களில் பெரும்பகுதியைப் பத்திரிகைக்காரர்கள் குப்பையில் போட்டார்கள். தமிழிலும் அட்டையின் மூல ஓவியம் வீட்டுக்குத் திரும்பியது குறைவு. ஆகவே அச்சடித்த அட்டைதான் நமக்கு மூலம்.

இன்று போட்டி அதிகம் காமிக்ஸுக்கு. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களுக்கு ஆயிரங்களில் விலை சொல்கிறார்கள். 1984 ஜூலையில் பிறந்த லயன் காமிக்ஸுக்கும் ராணி காமிக்ஸுக்கும் ரசிகர் படையே உண்டு. அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள். மாத நாவலை இன்னும் யாரும் மதிக்கத் தொடங்கவில்லை. நமக்கு அதுதான் நல்லது.

ஆனால் காமிக்ஸ் அட்டையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. மாயாவியின் கதை இங்கிலாந்தின் வேலியண்ட் பத்திரிகையில் 1962இல் தொடங்கியது. உள்ளே படம் போட்டவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை நிழலை உள்ளே வைத்துவிட்டு, நம் கண்ணுக்குத் தகுந்த நிறத்தோடு மேலே அட்டை தீட்ட வேண்டியிருந்தது. லயன், முத்து இதழ்களுக்குப் பல்லாண்டு காலம் அட்டை தீட்டியவர்களில் மாலையப்பன் முக்கியமானவர். தீப்பெட்டி லேபிளுக்காக அச்சுத் தொழிலை வளர்த்து, பிறகு காலண்டருக்குப் போன ஊர் சிவகாசி. பக்கத்திலே கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் சாமி படங்களை நாடெங்கும் சுவரில் ஏற்றினார்கள். முருகன் கன்னத்தில் படும் அதே ரோஜா நிறம் காமிக்ஸ் அட்டைக் குதிரைவீரன் கன்னத்திலும் படுவதை நீங்களே வைத்துப் பாருங்கள்.

எங்கே தேடுவது

ராயகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ரோஜா முத்தையாவைத்தான் காட்டுவேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். தமிழில் அச்சானது எதுவானாலும், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் உள்பட, சேர்த்துக்கொண்டே போனார். 1992இல் அவர் மறைந்தபோது சேர்ப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்கியது. பலகை எழுதியவர் என்பதால்தான் அவருக்கு நோட்டீஸும் ஒரு பொருளாகத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்தில் தேட இரண்டு பருவம் உண்டு. ஒன்று மார்கழி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டைக் காலி பண்ணும்போது பரண் இறங்கும். இன்னொன்று முழுப்பரீட்சை முடிந்த சித்திரை. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடக் காக்கித் தாள் வாங்க முடியாத வீடுகளில், பத்திரிகை அட்டையையும் காலண்டர் தாளையும்தான் போடுவார்கள். பழைய பேப்பர் கடையில் கணக்கு நோட்டுக் கட்டைப் பிரித்தால், அட்டையைப் புரட்டி உள்பக்கம் வெளியே தெரிய மடித்திருப்பார்கள். மாரியம்மாள், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்ற எழுத்துக்குப் பின்பக்கம் ஓவியர் ஜெயராஜ் வரைந்த பெண் ஒருத்தி இத்தனை வருஷம் வெயில் படாமல் இருப்பாள். மடிப்பு விழுந்திருக்கும், ஆனால் நிறம் அன்று அச்சடித்ததுபோல இருக்கும். நான் பார்த்த நல்ல நிறங்களில் பாதி நோட்டு அட்டையில் பார்த்தவைதான்.

பழைய பேப்பர் கடைக்கு அவசரமாகப் போகாதீர்கள், ஆனால் அடிக்கடி போங்கள். நம் பக்கத்துத் தாளுக்குச் சிவகாசி என்று ஒரு எமன் இருக்கிறான். வெடிக்குழாய் சுற்றக் கட்டுக்கட்டாகப் போய்விடும். ஒருமுறை இரண்டு நாள் தள்ளிப் போனேன். கண்ணால் பார்த்து வைத்த மாலைமதிக் கட்டு லாரி ஏறிவிட்டது. அடுத்த முறை கடைக்காரரிடம் ஒரு இதழ் என்ன விலை என்று கெஞ்சுகிற குரலில் கேட்டதும் அவர் சிரித்தார்.

"எண்ணிக் கேட்டா நான் என்ன சொல்ல அண்ணாச்சி? எனக்கு எல்லாம் எடைதான். அதுக்கு எடையா நியூஸ் பேப்பர் போட்டுட்டு நீங்க எடுத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து வீட்டுச் செய்தித்தாளை விற்பதில்லை. அதுதான் என் முதலீடு. கடைக்காரரிடம் அரிய புத்தகம், பழைய பொருள் என்றெல்லாம் பேசினால் மறுநாள் விலை ஏறும். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். "படம் பார்க்க" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.

குற்றாலம், மேலகரம் பக்கம் கிடைப்பதை மோந்து பார்த்து வாங்குங்கள். சாரல் காற்று பட்ட தாள் உப்பி, பக்கங்கள் ஒட்டி, பூசணம் பிடித்திருக்கும். ஒரு பூசணப் பிரதி உங்கள் அலமாரியில் மற்ற நூறையும் கெடுக்கும். வடகிழக்காகச் சங்கரன்கோவில், கழுகுமலைப் பக்கம் வறண்ட ஊர்களில் தாள் நொறுங்குமே தவிரப் பூசணம் குறைவு. ராயகிரியிலிருந்து இரண்டு பக்கமும் போய்வர முடிவது நம் வசதி.

அட்டையைப் படிப்பது

முதலில் கையெழுத்து. அதை அடி மூலையில் மட்டும் தேடாதீர்கள். புடவைக் கரையில், தூணின் நிழலில், கூந்தல் முடியும் இடத்தில் ஒளித்திருப்பார்கள். ஒரு பெயரை ஒருமுறை பழகிவிட்டால் பிறகு கையெழுத்து வெட்டுப்பட்ட அட்டையிலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மாருதி (1938-2023) புதுக்கோட்டைக்காரர், இயற்பெயர் ரங்கநாதன். அவர் அட்டையில் முகம்தான் எல்லாம். பின்னால் ஒரு நிறப்படுகை, முன்னால் கொழுத்த கன்னமும் ஈரம் மின்னும் கண்ணும். அந்தப் பெண் நம் தெருவில் குடியிருப்பவள் போலவும் இருப்பாள், நம் தெருவில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்றும் தோன்றும். குடும்ப நாவலுக்கு அதைவிடப் பொருத்தமான முகம் வேறு கிடையாது. அவர் கண்ணை வரையும் விதத்தை மட்டும் பாருங்கள்: கருவிழியில் விடும் வெள்ளைப் புள்ளி ஒளி வரும் பக்கத்தோடு ஒத்துப்போகும். அவரைப் பார்த்து வரைந்தவர்கள் அந்தப் புள்ளியைப் பழக்கதோஷத்தில் எங்கேயாவது வைத்துவிடுவார்கள்.

ஜெயராஜ் நேர் எதிர். 'ஜெ' என்ற எழுத்தும் பின்னால் புள்ளிகளும் அவர் அடையாளம். சுஜாதா கதைகளின் கணேஷும் வசந்தும் பலர் மனதில் அவர் போட்ட உருவத்தோடுதான் உலவுகிறார்கள். முகத்தைவிட உடம்பின் நிலை அவருக்கு முக்கியம். நிற்பதில் ஒரு அலட்சியம், நீண்ட கால், அந்த வருஷத்து உடை. இந்தக் கடைசி விஷயம் சேகரிப்பவருக்குப் பெரிய உதவி. தேதி கிழிந்த பிரதியில், பெல்பாட்டமா, பஃப் கையா, சல்வாரா என்று பார்த்து ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அவர் படங்களை வீட்டில் மறைத்து வைத்தவர்கள் உண்டு. மறைத்து வைத்ததால்தான் பல பிழைத்தன.

மணியத்தின் மகன் மணியம் செல்வன் 'ம.செ.' என்று போடுவார். நகையில் ஒவ்வொரு கல்லும், மண்டபத்தில் ஒவ்வொரு வளைவும் கணக்காக இருக்கும். சரித்திர நாவல் அட்டை கிடைத்தால் ஓவியர் லதாவின் சாண்டில்யன் கதைப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லதாவிடம் இடுப்பு வளைவும் காற்றும் பேசும், ம.செ.யிடம் விரல். ஜி.அசோகன் வெளியிட்ட நாவல்களில் ஓவியர் ஷ்யாம் வந்ததும் எல்லாம் மாறுகிறது: ஒரே அட்டையில் முகம், துப்பாக்கி, ஓடும் கார், ரத்தத் துளி. சினிமாப் போஸ்டரின் அவசரம் நாவலுக்கு வந்த இடம் அது. சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், பஸ் நிலையத்துக்கு வரைந்ததைப் பஸ் நிலையக் கண்ணால்தானே பார்க்க வேண்டும்?

எல்லா அட்டையும் ஓவியம் அல்ல. 1980களின் நடுவிலிருந்து நடிகையின் படத்தையோ வெளிநாட்டுப் பத்திரிகைப் பெண்ணின் படத்தையோ வெட்டி ஒட்டிய அட்டைகள் ஏராளம். ஆங்கில நாவல் அட்டையைப் பார்த்து அப்படியே வரைந்ததும் உண்டு. அவற்றை நான் தள்ளுவதில்லை, தனிக் கட்டாக வைக்கிறேன். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மலிவு நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, வெளியூர்க்காரர்கள் முதலில் வியந்தது அட்டைகளைப் பார்த்துத்தான். நம்முடையது தினம் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்.

மறுபதிப்பில் ஏமாறாதீர்கள். ஒரே நாவல் வேறு பேரில், வேறு அட்டையில் வரும். உள்ளே 'மலர்', 'இதழ்' எண்ணைப் பாருங்கள்: மலர் எத்தனையாவது வருஷம் என்பதையும் இதழ் அந்த வருஷத்தில் எத்தனையாவது என்பதையும் சொல்லும். பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். ஆப்செட் அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாக, ஓரம் கூர்மையாகத் தெரியும். கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய அட்டையில் புள்ளிகள் கரைந்து சேறாக இருக்கும். நிறம் ஒதுங்கிப்போய் உதட்டுச் சாயம் கன்னத்தில் அச்சான பிரதியை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். அச்சகத்தில் அன்று ராத்திரி நடந்த அவசரம் அது, ஒரு சான்று மாதிரி.

வீட்டுக்கு வந்த பிறகு

செய்தித்தாள் ரகத் தாள் தன் புளிப்பாலேயே பழுப்பாகும். அதைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத உள்ளறை, தரையிலிருந்து ஒரு முழம் உயரம், சுவரை ஒட்டாத இரும்பு அலமாரி. ஜவுளிக்கடைச் சட்டை உறை மாதிரி மொரமொரப்பான பாலிபுரொப்பிலின் உறை போதும். மெழுகு போல வழவழக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், மையை உறிஞ்சிக்கொள்ளும். செலோடேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் இந்த வேலையில் கொலைக்குற்றம். டேப் போட்ட இடம் சில வருஷத்தில் மஞ்சள் பட்டையாகி அட்டையில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள். மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்தி, பின்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்துக்கொள்ளுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் இதழைக் காற்றுப் புகாத பையில் இறுகக் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, வெளியே எடுத்த பின் ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் விடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது; நான் சொல்லாமல் வைத்து, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன்.

ஒவ்வொரு இதழுக்கும் ஒரு சீட்டு. இதழின் பேர், மலர், இதழ், மாதம், விலை, கதை, ஓவியர், எங்கே கிடைத்தது. பென்சிலில், சீட்டில் மட்டும். அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம், நண்பர்களுக்குக் காட்டலாம். அச்சடித்து விற்கக் கூடாது: ஓவியர் மறைந்த பிறகும் அறுபது ஆண்டு உரிமை உண்டு. 1968இல் மறைந்த மணியத்தின் படங்களுக்கே 2028 முடிய வேண்டும். கையெழுத்து தெரியாத அட்டையில் ஓவியர் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தில் நிரப்பினால் உங்களுக்குப் பின் வருபவர் அதையே உண்மை என்று எழுதிவிடுவார்.

என்னிடம் அப்படிக் காலியாக இருக்கும் சீட்டு ஒன்று, இதழே இல்லாத சீட்டு. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி வீட்டு டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டை அது. மாத நாவல், பேர் கிழிந்துவிட்டது. பச்சைப் புடவைக்காரி ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் திரும்பிப் பார்க்கிறாள், வெளியே மின்னல். கீழே கையெழுத்தின் கடைசி எழுத்து மட்டும், மூடியின் விளிம்போடு வெட்டுப்பட்டு. மைதாப் பசையில் நாற்பது வருஷமாக இறுகியது, பிரித்தால் தகரத்திலிருந்து முழுசாக வராது. இரண்டு தரம் படமெடுத்தேன். மூன்றாம் தரம் பூதக்கண்ணாடியோடு போய் நின்றபோது ஆச்சி பெட்டியைச் சாத்திவிட்டார்.

"எய்யா, உனக்கு அந்தப் பொம்பள படந்தான வேணும்? பெட்டியோட எடுத்துக்கோ. ஆனா அடியில வயக்காட்டுப் பத்திரம் கிடக்கு பாத்துக்கோ, நான் போன பெறகு வா."

நான் இன்னும் அவரிடம் அந்தப் பத்திரிகையை யார் வாங்கினார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்க வேண்டும்.